வசூல்காரரின் குரல்

அந்தக் குரலை நான் முதலில் கேட்டபோது என் கணவர் குளித்துக்கொண்டிருந்தார். அவருடைய கைப்பேசி சமையல் மேடையில் கிடந்து அடித்தது. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தேன்.

"ஆருங்க?"

"வணக்கம்மா. சார் இருக்காரா? கார்டு விஷயமாப் பேசணும்."

கொஞ்சம் கரகரத்த குரல். மரியாதையாகத்தான் இருந்தது. குளிக்கிறார் என்றேன். "எப்பக் கூப்பிட்டாலும் குளிக்கறாரா? பணத்த வாங்கித் தின்னுட்டுக் குளிச்சிக்கிட்டே இருந்தா எப்படிம்மா?" என்று கேட்டது அதே குரல். நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டார்.

என் கணவர் நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைகளில் பெயிண்டர். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அதுதான் தொழில். சொந்தமாக ஒரு ஷெட் போட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. திருச்செங்கோடு ரோட்டில் ஒரு தகரக் கொட்டகை வாடகைக்குக் கிடைத்தபோது, பேங்க் கொடுத்திருந்த கிரெடிட் கார்டில்தான் கம்ப்ரஸரும் ஸ்பிரே கன்னும் முதல் தவணைப் பெயிண்ட்டும் வாங்கினார். எனக்குத் தெரிந்தேதான் வாங்கினார். கடைக்கு நானும் கூடப் போயிருந்தேன். அட்டையை மெஷினில் சொருகி எடுத்துவிட்டு, "அவ்வளவுதான்" என்று கடைக்காரர் சொன்னபோது எங்கள் இருவருக்குமே சிரிப்பாக இருந்தது.

ஷெட் ஒன்றரை வருஷம்கூட ஓடவில்லை. புது வண்டி எடுப்பவர்கள் குறைந்தார்கள். வந்த ஒன்றிரண்டு பேரும் பெரிய பட்டறையைத் தேடிப் போனார்கள். கொட்டகையைக் காலி செய்து, கம்ப்ரஸரை வீட்டு வாசலில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்துவிட்டு, அவர் மறுபடி அடுத்தவர் பட்டறைக்குத் தினக்கூலிக்குப் போனார். கார்டுக்கு மாதாமாதம் பில் வரும். குறைந்தபட்சம் இவ்வளவு கட்டினால் போதும் என்று அதில் ஒரு சின்னத் தொகை போட்டிருக்கும். அதைக் கட்டிவிட்டு நிம்மதியாக இருந்தோம். அசல் அப்படியே நிற்கிறது, வட்டியும் அபராதமும் அதன் மேல் ஏறிக்கொண்டே போகிறது என்பது புரிய ரொம்ப நாள் ஆயிற்று. பிறகு அவருக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாத பெயிண்டரை யார் வேலைக்கு வைப்பார்கள்? வீட்டில் இருந்த மாதங்களில் அந்தச் சின்னத் தொகையும் நின்றுபோனது. அதற்குப் பிறகு வந்ததுதான் அந்தக் குரல்.

சேலத்திலிருந்து கூப்பிடுகிறார், பேங்க்குக்காக வசூல் செய்து கொடுக்கும் ஓர் ஆபீஸ், இவ்வளவுதான் அவரைப் பற்றி எங்களுக்குத் தெரியும். தினமும் கூப்பிட்டார். ஆரம்பத்தில் "வணக்கம் சார்" என்பார். கொஞ்ச நேரத்தில் சார் போய்விடும். பிறகு மரியாதை போய்விடும். "யோவ், கார்டத் தேய்க்கறப்ப இனிச்சுச்சா? உனக்கெல்லாம் எதுக்குய்யா கார்டு?" என்பார். அதற்கு மேல் சொன்னதை இங்கே எழுத முடியாது.

என் கணவர் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் சொல்வார். "கட்டிப்போடறனுங்க. அடுத்த மாசம் கட்டிப்போடறனுங்க." தன்னைத் திட்டுகிறவனுக்கும் 'ங்க' போட்டுப் பேசுகிற ஆள் அவர். போனை எடுக்காமல் இருக்கவும் தெரியாது. "கூப்புடறாங்கல்ல, எடுக்காம இருந்தா தப்புதானே" என்பார். பிறகு சத்தத்தை அணைத்து வைத்தார். ஆனாலும் திரை வெளிச்சம் வரும்போதெல்லாம் சாப்பாட்டுத் தட்டிலிருந்து கை நின்றுவிடும்.

கார்டு வாங்கும்போது தெரிந்தவர்கள் என்று இரண்டு எண்கள் கொடுத்திருந்தார். ஒன்று என் அண்ணனுடையது. இன்னொன்று நான் வேலை பார்க்கும் மெடிக்கல் ஷாப்பினுடையது. அந்த இரண்டுக்கும் கூப்பிட ஆரம்பித்தார்கள். மெடிக்கல் முதலாளி நல்லவர். இருந்தாலும், "அம்மா, கஸ்டமர் நிக்கறப்ப இந்த ஆளு கூப்பிடறான்" என்று ஒருநாள் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டு மாத்திரை அட்டைகளை அடுக்கினேன்.

ஆடி மாதத்தில் ஒருநாள், அந்த ஆபீஸிலிருந்து இரண்டு பேர் பைக்கில் பட்டறைக்கே வந்துவிட்டார்கள். என் கணவர் அப்போதுதான் தோள் கொஞ்சம் தேறி மறுபடி வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தார். பாதி கட்டிய லாரிப் பாடியின் பக்கத்தில் அவரை நிற்க வைத்து போட்டோ எடுத்தார்கள். பட்டறை மேஸ்திரியைக் கூப்பிட்டு, "இந்தாளுக்குச் சம்பளம் போடற அன்னைக்கு எங்களுக்கும் ஒரு போன் போடுங்க" என்றார்கள். இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. பின்னால் மேஸ்திரி சொல்லித்தான் தெரிந்தது. அவர்கள் சத்தம் போட்டபோது பட்டறையில் யாரோ வேலையே இல்லாமல் கிரைண்டரை ஓடவிட்டாராம். அந்தப் பேச்சு தங்கள் காதில் விழவில்லை என்று என் கணவர் நினைத்துக்கொள்ளட்டும் என்பதற்காக.

மறுநாள் காலை வழக்கம்போல் இட்லி சாப்பிட்டார். டிபன் பாக்ஸில் புளிச்சாதம் கட்டிக் கொடுத்தேன். பிளஸ் டூ படிக்கும் மகளை பஸ் ஸ்டாப்பில் இறக்கிவிட்டுப் போவது வழக்கம். அன்றும் இறக்கிவிட்டார். மகள் தோள்பையைச் சரிசெய்யும் வரை வண்டியை நிறுத்தியபடி பார்த்துக்கொண்டே இருந்தாராம். அது மட்டும்தான் வழக்கமில்லாதது.

மத்தியானம் மெடிக்கலுக்கு போன் வந்தது. முதலாளி எடுத்துக் கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தார். "உனக்குத்தாம்மா. அந்த ஆளுதான்."

வாங்கி, "வேல நேரத்துல ஏனுங்க இப்புடி..." என்று ஆரம்பித்தேன்.

"அம்மா, வச்சிராதீங்க. பணத்துக்காகக் கூப்பிடல."

முதலாளிக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டேன்.

"உங்க வீட்டுக்காரர் இன்னைக்கு வேலைக்குப் போனாரா?"

"போயிருக்காருங்க."

"இல்லம்மா. இப்பத்தான் அவர்கிட்ட பேசுனேன். ஜேடர்பாளையம் அணைக்கட்டுல இருக்கேன்னு சொன்னார். பின்னாடி தண்ணி விழற சத்தம் பெருசாக் கேட்டுச்சு. எப்பவும் கட்டிடறேன் கட்டிடறேன்னு சொல்றவரு இன்னைக்கு அதச் சொல்லல. இனிமே எங்க ஊட்டுக்குப் போன் பண்ணாதீங்க, எல்லாத்தையும் என்னோட முடிச்சுக்குங்கன்னு சொல்லிட்டு வச்சிட்டார். அவர் பேசினது எனக்குச் சரியாப் படல. நீங்க உடனே போங்க."

கண்ணாடி மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

"நீங்க போற வரைக்கும் நான் அவருக்குக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கேன். பேச்சுக் குடுத்துக்கிட்டே..."

"வேண்டாங்க சாமி" என்றேன். "நீங்க கூப்புடாதீங்க. உங்களக் கையெடுத்துக் கும்புடறேன், நீங்க மட்டும் கூப்புடாதீங்க."

"சரிம்மா" என்று மட்டும் சொன்னார்.

அண்ணன் கோழிப்பண்ணையிலிருந்து கடைகளுக்கு முட்டை ஏற்றும் வேன் ஓட்டுகிறார். நல்லவேளையாகப் பரமத்தி ரோட்டில் லோடு இறக்கிக்கொண்டிருந்தார். நான் போனில் சொன்னதும், மிச்ச முட்டையைக் கடைக்காரரிடமே விட்டுவிட்டு வேனைத் திருப்பிக்கொண்டு வந்தார். ஏறி உட்கார்ந்தேன். பின்னால் வெறும் முட்டை அட்டைகள் ஒன்றோடொன்று உரசிச் சத்தம் போட்டுக்கொண்டே வந்தன.

வழியெல்லாம் என் கணவரின் எண்ணுக்கு அடித்தேன். எடுக்கவில்லை. ஆனால் மணி அடித்தது. அடிக்கிற வரைக்கும் போன் நனையவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பைத் தவிர வேறு எதையும் என் மனம் பிடித்துக்கொள்ளவில்லை. பரமத்தி வேலூர் தாண்டியதும் வாய்க்காலை ஒட்டி ரோடு போனது. வெற்றிலைக் கொடிக்கால், வாழை, மறுபடி கொடிக்கால். அண்ணன் ரோட்டைப் பார்த்தபடியே ஓட்டினார். பிறகு கேட்டார்.

"அம்மிணி, அந்த நாய்க்கு எதுக்கு இந்த அக்கற? பணம் போயிரும்னா?"

"தெரியலீங்கண்ணா."

உண்மையில் எனக்குத் தெரியவில்லை. அந்த ஆள் மேல் எனக்கிருந்த ஆத்திரம் கொஞ்சமும் குறையவில்லை. இன்று அவர் எனக்குக் கூப்பிட்டுச் சொல்லாமல் இருந்திருந்தால் என்ற எண்ணமும் கூடவே வந்துகொண்டிருந்தது. இரண்டையும் ஒரே ஆளிடம் எப்படி வைப்பது என்று புரியவில்லை.

மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டிருந்ததால் அணைக்கட்டின் நீளம் முழுக்க காவிரி வழிந்து விழுந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சலை வண்டி நிறுத்தும் இடத்திலேயே கேட்டேன். ஆடி என்பதால் நல்ல கூட்டம். குடும்பம் குடும்பமாகக் குளித்துக்கொண்டிருந்தார்கள். மீன் வறுக்கும் கடைகளில் வரிசை நின்றது. இத்தனை பேர் சிரித்துக்கொண்டிருக்கும் இடத்தில் ஒன்றும் நடந்திருக்காது என்று ஒரு நிமிஷம் நம்பினேன். இத்தனை பேர் இருக்கும் இடத்தில் யார் யாரைக் கவனிக்கப் போகிறார்கள் என்று அடுத்த நிமிஷம் தோன்றியது.

அண்ணன் அணைக்கட்டை ஒட்டிய பூங்காப் பக்கம் ஓடினார். நான் படிக்கட்டு வழியாக ஒவ்வொரு முதுகாகப் பார்த்துக்கொண்டு போனேன். கடைசியில், கூட்டம் தீர்ந்துபோகிற இடத்தில், பெயிண்ட் தெறித்த நீலச் சட்டை தெரிந்தது. கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தார். செருப்பைக் கழற்றி ஜோடியாக ஓரமாக வைத்திருந்தார். பேன்ட் முழங்கால் வரை நனைந்திருந்தது. குளிக்க வருகிற எல்லோரும் செருப்பைக் கழற்றித்தான் வைக்கிறார்கள். இருந்தாலும் அந்தச் செருப்பிலிருந்து என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என்னைப் பார்த்து அவர் அதிரவில்லை.

"ஏனுங்க, சாப்புடலையா?" என்று கேட்டேன். அந்த நேரத்தில் வாயில் வந்தது அதுதான்.

"பசிக்கல."

டிபன் பாக்ஸ் திறக்காமல் இருந்தது. தண்ணீர்த் திவலை எங்கள் முகத்தில் அடித்தது. நாங்கள் கத்திப் பேசினால்தான் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கும். இன்னும் நெருங்கி உட்கார்ந்தேன். அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். விடவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார். "நான் இங்க இருக்கறது உனக்கு ஆரு சொன்னா?"

"சேலத்து ஆளுதானுங்க. போன் பண்ணிச் சொன்னாரு."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். "அவனா? அவனா சொன்னான்?"

அப்போதுதான் அழுதார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். எங்களைத் தேடிக்கொண்டு வந்த அண்ணன் நான்கு படி மேலேயே நின்றுவிட்டார். அழுகை அடங்கியதும் இறங்கி வந்து, செருப்பை எடுத்து என் கணவரின் காலடியில் வைத்தார். மூத்தவர் அப்படிச் செய்ததில் இவர் கூசிப்போனார்.

"மாப்ள, எந்திரிங்க. ஊட்டுக்குப் போலாம்" என்றார் அண்ணன்.

வேனில் எங்கள் இருவருக்கும் நடுவில் அவரை உட்கார வைத்தோம். வேலூரில் ஒரு டீக்கடை ஓரம் நிறுத்தி, அந்தப் புளிச்சாதத்தை மூன்று பேரும் ஆளுக்கொரு வாயாகத் தின்றோம். அவருடைய பைக்கை மறுநாள் அண்ணன்தான் போய் எடுத்துக்கொண்டு வந்தார்.

அன்று மாலையே அவருடைய போனை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். "இனிமேல் ஆரு கூப்புட்டாலும் நான் பேசிக்கறேன்" என்றேன். அவருக்குப் பழைய பட்டன் போன் ஒன்றில் வேறு சிம் போட்டுக் கொடுத்தேன். அந்த எண் நாலைந்து பேருக்கு மட்டும்தான் தெரியும். மகளிடம், அப்பாவுக்கு மயக்கம் வந்துவிட்டது என்று சொன்னோம். அவள் சரி என்றாள். ஆனால் தன் படிக்கும் மேசையை உள்ளறையிலிருந்து இழுத்து வந்து வாசல் கதவை ஒட்டிப் போட்டுக்கொண்டாள். காற்று வருகிறது என்று காரணம் சொன்னாள். அவளைத் தாண்டாமல் யாரும் வெளியே போக முடியாது.

மூன்றாம் நாள் அந்தக் குரல் கூப்பிட்டது.

"அம்மா, அவர் எப்படி இருக்கார்?"

"இருக்காருங்க."

"சரி." இருமினார். பிறகு, "பணம் விஷயமா..." என்று ஆரம்பித்தார்.

அவருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று இரண்டு நாளாக வார்த்தைகளைத் தேடி வைத்திருந்தேன். அவர் பணத்தைப் பற்றிப் பேசியதும் அந்த வார்த்தைகள் உள்ளேயே நின்றுவிட்டன. என் கணவரை அந்தப் படிக்கட்டில் கொண்டுபோய் உட்கார வைத்ததும் இதே குரல்தான். நானும் பணத்தைப் பற்றியே பேசினேன்.

"பட்டறைக்கு ஆள அனுப்புனதுக்கு பேங்க்குக்கு எழுதிப் போட்டிருக்கறனுங்க. இனிமே ஒருத்தர் வந்தாலும் போலீஸுக்குத்தான் போவேன். கட்ட மாட்டோம்னு சொல்லல. மொத்தமா எவ்வளவு கட்டுனா முடியும்னு கேட்டுச் சொல்லுங்க."

அப்படிப் பேசத் தெரியும் என்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது. அதற்குப் பிறகு அவர் ஒருபோதும் குரல் உயர்த்தவில்லை. ஆனால் கூப்பிடாமலும் இருக்கவில்லை. வாரம் ஒரு தரம் கூப்பிடுவார். தொகையைப் பற்றி இழுபறி நடக்கும். நான் ஒன்று சொல்வேன், அவர் பேங்க்கில் கேட்டுவிட்டு இன்னொன்று சொல்வார். கடைசியில் கேட்டதில் பாதிக்கும் குறைவாக, மூன்று தவணையில் கட்டி முடிப்பதென்று பேசி முடித்தோம். அப்போது அவராகவே ஒன்று சொன்னார்.

"பேங்க்கு லெட்டர் கைக்கு வந்த பிறகு கட்டுங்கம்மா. நேரா பேங்க்குலயே கட்டுங்க. எங்க ஆளுன்னு சொல்லிக்கிட்டு யார் வந்தாலும், நானே வந்தாலும், கையில குடுத்துராதீங்க."

கம்ப்ரஸரைச் சங்ககிரிக்காரர் ஒருவர் வாங்கிக்கொண்டு போனார். அதை வண்டியில் ஏற்றும்போது என் கணவரும் ஒரு கை பிடித்தார். அண்ணன் கொஞ்சம் கொடுத்தார். என் சீட்டுப் பணம் கொஞ்சம், அடகு வைத்த செயின் கொஞ்சம். மூன்று தவணையும் கட்டியாயிற்று. பாக்கி இல்லை என்ற கடிதம் மட்டும் வரவில்லை. கேட்டால், வசூல் ஆபீஸில் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். என் கணவரும் நானும் பஸ் ஏறி சேலம் போனோம்.

பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்ச தூரத்தில் ஒரு மாடியில் இருந்தது அந்த ஆபீஸ். "நீ போயிட்டு வா, நான் கீழ டீ குடிக்கறேன்" என்றார் அவர். நான் மேலே போனேன். நீளமான அறை. முப்பது, நாற்பது பேர் காதில் மாட்டிக்கொண்டு ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேர் பெண்கள். ஒரு பக்கம் "வணக்கம் சார்", ஒரு பக்கம் வசவு. வாசலில் நின்று யாரைக் கேட்பது என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, என் முதுகுப் பக்கத்து மேசையிலிருந்து அந்தக் குரல் வந்தது.

"யோவ், வாங்கறப்ப இனிச்சுச்சா?"

திரும்பிப் பார்த்தேன். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். மெலிந்த ஆள். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டிருந்தார். பக்கத்தில் பாதி தின்ற தயிர்சாதம் மூடி வைத்திருந்தது. யாரோ ஒருவரை, வேறு ஏதோ ஓர் ஊரில் இருப்பவரை, திட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் அந்த மனிதர் எங்கே நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாரோ என்று எனக்குத் தோன்றியது.

பேசி முடித்ததும் என்னைப் பார்த்தார். ஊரையும் கணவர் பெயரையும் சொன்னேன். உடனே எழுந்து நின்றுவிட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்கம்மா" என்றார். கம்ப்யூட்டரில் தேடி, கடிதத்தை அச்செடுத்து, கையெழுத்தும் முத்திரையும் வாங்கி வந்து கொடுத்தார்.

"அவர் வரலையா?"

"கீழதானுங்க நிக்கறாரு. கூப்புடட்டுங்களா?"

"வேண்டாம்மா. என் குரலக் கேட்டா அவருக்கு நல்லா இருக்காது."

கடிதத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டுக் கேட்டேன். "அன்னைக்கு அவரு போன்ல பேசினத வெச்சு உங்களுக்கு எப்புடிங்க தெரிஞ்சுது?"

அவர் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இதுக்கு முன்னாடி ஒருத்தர் அப்படிப் பேசுனாரும்மா. அப்ப நான் கவனிக்கல."

அவருடைய கம்ப்யூட்டர் தானாக அடுத்த எண்ணைப் போட்டது. காதில் மாட்டிக்கொண்டார். நான் எழுந்து கைகூப்பினேன். அதை நன்றி என்று எடுத்துக்கொண்டாரா, விடைபெறுகிறேன் என்று எடுத்துக்கொண்டாரா, தெரியாது. எதற்காகக் கூப்பினேன் என்று எனக்கே இன்றுவரை சரியாகத் தெரியாது. மாடிப்படி இறங்கும்போது "வணக்கம் சார்" என்று அவர் தொடங்குவது கேட்டது.

கீழே என் கணவர் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கடிதத்தை வாங்கி இரண்டு தரம் படித்தார்.

"அவன் இருந்தானா?"

"இருந்தாருங்க."

"எப்புடி இருந்தான்?"

"சாதாரணமா, ஒரு மனுசன்தானுங்க. வயசாயிருச்சு."

அவர் தலையாட்டினார். எனக்கு ஒரு டீ சொன்னார். நான் குடித்து முடிக்கும் வரை காத்திருந்தார்.

நாமக்கல் பஸ்ஸில் ஜன்னலோரம் அவருக்கு இடம் கிடைத்தது. அணைக்கட்டில் அன்றைக்கு என்ன நினைத்து உட்கார்ந்திருந்தீர்கள் என்று அவரிடம் கேட்க அந்தப் பயணத்தில் ஒரு சந்தர்ப்பம் இருந்தது. கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொண்டு என்ன செய்யப் போகிறேன் என்று இருந்தது. மல்லூர் தாண்டுவதற்குள் அவர் தூங்கிப்போனார். வாயைத் திறந்துகொண்டு, தலை ஜன்னல் கம்பியில் இடிப்பதும் தெரியாமல், அப்படி ஒரு தூக்கம். ராசிபுரத்தில் பஸ் நின்றபோது விழித்து, "எந்த ஊரு?" என்றார். சொன்னேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை ஒரு வண்டி பெயிண்டுக்கு வருகிறது, ஓனர் இன்னும் கலர் சொல்லவில்லை, போனதும் மேஸ்திரியிடம் கேட்க வேண்டும் என்றார்.